எல்லாம் குழந்தைக்காகத்தான்!

'குழந்தைக்காகத்தான்' என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளை தலைசுற்றி இறங்கி அழுத பிறகும் ராட்டினத்தில் இன்னொரு சுற்றுக்குச் சீட்டு வாங்குவார்கள். பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் பூட்டிவிட்டு, "தொடாதே, உடைஞ்சுடும்" என்று பிள்ளையையே விரட்டுவார்கள். கேட்டால், எல்லாம் குழந்தைக்காகத்தான்! குழந்தை என்று ஒன்று இல்லாவிட்டால் இவர்கள் என்னதான் செய்வார்கள், பாவம்?

இந்த இனத்துக்கு நம் பல் டாக்டரைவிட நல்ல மாதிரி கிடைக்காது. தொலைக்காட்சித் தொடரில் குறும்புக்காரத் தங்கையாக வரும் சின்னப் பெண் தன் முதல் பாட்டு ஆல்பத்தை வெளியிட்டாளா, அட்டையில் 'குடும்பத்தோடு கேட்கலாம்' என்று போட்டிருந்ததா, போதாதா? அன்றைக்கே வாங்கிவிட்டார். மகளுக்காகத்தான். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது காரில் கேட்டார். அவள் தூங்கும்போது சமையலறையில் கேட்டார். யாருடைய கடைவாய்ப் பல்லையோ குடைந்துகொண்டே நாலாவது பாட்டை முணுமுணுத்தார். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர் என்ன சொல்ல முடியும்?

"அவதான் தூங்கிட்டாளே, யாருக்குப் பாட்டு ஓடுது?" என்பார் மனைவி.

"அவ கேக்குறதுக்கு முன்னாடி நல்லா இருக்கான்னு நாம பாக்க வேண்டாமா?"

அந்தப் பெண்ணே பாட்டுக் கடைக்கு வந்து கையெழுத்துப் போடப்போகிறாள் என்றதும் டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் நரைத்த மீசையோடு தனியாகப் போய் நிற்பதா? குழந்தை வேண்டும். மகளோ அந்தத் தொடரையே 'சின்னப் பசங்க பாக்குறது' என்று எப்போதோ ஒதுக்கிவிட்டாள்.

"ஃப்ரெண்ட்ஸ் யாராவது பாத்தா கிண்டல் பண்ணுவாங்கப்பா."

"சும்மா பக்கத்துல நில்லும்மா. பேசக்கூட வேண்டாம்."

"நாய்க்குட்டி வாங்கித் தருவீங்களா?"

எத்தனையோ முறை முடியவே முடியாது என்று சொன்ன நாய்க்குட்டி. டாக்டர் யோசிக்கவே இல்லை, உடனே தலையாட்டிவிட்டார்.

வரிசையைப் பார்த்தால், அடேயப்பா! பெரியவர்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற வங்கி மேலாளர் எதிர்வீட்டுப் பையனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"யார் பேர் போடட்டும் அங்கிள்?" என்றாள் அந்தப் பெண்.

"குழந்தைக்காகத்தாம்மா..."

"ஐயோ, என் பேரைப் போடாதீங்க!" என்றாள் மகள்.

பேனா அப்படியே நின்றது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "பெரியவங்க எல்லாரும் குழந்தைக்குன்னு சொல்றாங்க. குழந்தைங்க வேணாங்குறாங்க. அப்ப என் பாட்டு யாருக்குத்தான் பிடிச்சிருக்கு?" கண் கலங்கியே விட்டது.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் அவரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள் வேறு நிற்கிறார்கள். மானமாவது மண்ணாவது!

"எனக்கும்மா! எனக்குத்தான் பிடிச்சிருக்கு!" கடை முழுக்கக் கேட்டது. "நான் பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போதுகூட அந்த நாலாவது பாட்டைத்தான் பாடுறேன்!" சந்தேகம் தீரப் பாடியும் காட்டினார். சுருதியா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். 'பல் டாக்டர் அங்கிளுக்கு' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்ததுதான் தாமதம், வாசல்வரை போய்விட்ட வங்கி மேலாளர் திரும்பி ஓடிவந்தார். "இதுல என் பேரையும் சேர்த்துடும்மா!"

நாய்க்குட்டியும் வந்துவிட்டது. சாயங்காலமானால் டாக்டர்தான் அதோடு தரையில் புரள்கிறார். கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

சிரித்தது போதும். முதலில் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பட்டத்தின் நூலைக் குழந்தை கையில் கொடுங்கள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறது, பாவம்!