சம்பந்தி வீட்டில் இருமக் கூடாது

நாலு பேர் நடுவில் இருமுவது மரியாதைக் குறைவு என்று நம்பும் ஆள் நான். கருவூலத்தில் உட்கார்ந்து காலமெல்லாம் அடுத்தவர் பில்லில் குறை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவன். என் நெஞ்சில் இருக்கும் குறையை மட்டும் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன்.

குறையின் பெயர் பிராங்கியெக்டாசிஸ். நுரையீரலுக்குள் காற்றுக் குழாய்கள் சில இடங்களில் தொளதொளவென்று விரிந்துபோகும். சளி வெளியே வராமல் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும். (கோப்பு தேங்கும் மேசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?) விரிந்தது இனிச் சுருங்காது, ஆனால் தினமும் சளியை வெளியேற்றிவிட்டால் நன்றாகவே காலம் தள்ளலாம் என்றார் டாக்டர். காலையும் மாலையும் தலை தாழ்த்திப் படுக்க வேண்டும், மனைவி உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்ட வேண்டும், பிறகு இருமித் துப்ப வேண்டும்.

"இருமலை நிறுத்துற மருந்தை மட்டும் தொடாதீங்க சார். உங்க நெஞ்சைக் கூட்டிப் பெருக்கறதே அந்த இருமல்தான்."

அப்போதுதான் மகளுக்கு வடக்கனந்தலில், விவசாயக் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"விஷயத்தை நானே சொல்லிட்றேம்பா" என்றாள் மகள்.

"தாலி ஏறட்டும். அப்புறம் முறைப்படி தெரிவிக்கலாம்" என்றேன். இருமல் என்றாலே டிபி என்று நினைத்துச் சம்பந்தத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

முதல் பத்திரிகையைக் கல்வராயன் மலையில் இருக்கும் குலதெய்வத்துக்கு வைத்துப் பொங்கலிடுவது அவர்கள் வழக்கம். விடியுமுன் வேன் கிளம்பும் என்பதால் முந்தின நாளே சம்பந்தி வீட்டில் தங்கினோம். மாலையில் அறைக் கதவைச் சாத்தி, மனைவி முதுகில் தட்ட ஆரம்பித்தாள். வெளியிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை குரல் கொடுத்தார்.

"அண்ணி, உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? அடையெல்லாம் நாங்களே தட்டிக்கிறோம், வெளிய வாங்க!"

"கேட்டுச்சா?" என்று மனைவி கிசுகிசுத்தாள். "இன்னும் ரெண்டு தட்டு தட்டினா, புருசனைப் போட்டு அடிக்கிறான்னு தெருவே கூடிடும். பேசாம சொல்லிடுங்க."

நான் தட்டலை நிறுத்தச் சொன்னேன். பைக்குள் ஒளித்து வைத்திருந்த இருமல் சிரப்பை எடுத்துக் குடித்தேன்.

அருமையான சிரப். மறுநாள் மலையில் பனி, பொங்கல் புகை. எனக்கு ஒரு செருமல்கூட இல்லை.

"சாரைப் பாருங்கடா! நம்மாளுங்கதான் லொக்கு லொக்குன்னு இருமிக்கினு நிக்கிறானுங்க" என்றார் சம்பந்தி.

அந்தப் பாராட்டில் மயங்கிச் சிரப்பையே தொடர்ந்தேன். எங்கள் வீட்டிலும் உறவினர் கூட்டம் சேர்ந்துவிட்டதால் தட்டல் அடியோடு நின்றது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் குளிர் ஜுரம், பச்சைச் சளி, மூச்சிரைப்பு. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

"தேதியைத் தள்ளி வெச்சிக்கலாம்பா" என்று மகள் போனில் அழுதாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாரை வார்க்கும் பொறுப்பு என் மச்சானுக்குப் போனது.

முகூர்த்த நேரத்தில் அவர் வீடியோ காலில் கூப்பிட்டார். மூச்சு சற்றுத் தணிந்திருந்ததால், பிசியோதெரபிஸ்ட் என்னைத் தலை தாழ்த்திப் படுக்க வைத்துத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. நர்ஸ் நல்லெண்ணத்தில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஐயையோ, சம்பந்தியப் போட்டு அடிக்கிறாங்க!" என்று மாப்பிள்ளையின் அத்தை அலறினார்.

நான் தலைகீழாகவே கையைத் தூக்கி ஆசீர்வதித்தேன். அத்தனை நாள் அமுக்கி வைத்த இருமல் அப்போதுதான் கிளம்பியது. மச்சான் பக்கத்தில் மைக் இருந்திருக்கிறது. கெட்டிமேளத்தையும் மீறிக் கேட்டதாம்.

மறுநாள் சம்பந்தி சேலத்துக்கு வந்தார்.

"இதுக்கா சார் மறைச்சீங்க? எங்க வூட்ல இருமறதுக்கு யாரு பர்மிஷன் கேக்கறாங்க? சொல்லியிருந்தா நானே தட்டியிருப்பேனே!"

இப்போது அங்கே தங்கும்போதெல்லாம் அவரேதான் தட்டுகிறார். (மாட்டைத் தட்டிப் பழகிய கை. டாக்டர் சொன்ன அளவு நிச்சயமாக இது இல்லை.)

அவர் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. மணமக்கள், என் மனைவி, மச்சான். மச்சான் கையில் ஒரு போன். வருகிறவர்களிடம் சம்பந்தி அதைக் காட்டாமல் விடுவதில்லை.

"பொண்ணோட அப்பா எங்கன்னு கேக்கறீங்களா? தோ, போனுக்குள்ள தொங்கிக்கினு இருக்காரு பாருங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மகள் மட்டும் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.