பெருவிரல் மறைத்த நோட்டு

இருக்கிற பணத்தை ஒருநாளும் மதிக்காமல், இல்லாத பணத்துக்காகவே வாழ்ந்த மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான். அவர் சிவகாசியில், எங்கள் லேபிள் பிரஸ்ஸில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயர் கவர்னர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இருந்திருக்கும், நாங்கள் பார்த்ததில்லை. ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் கவர்னர் என்பதால் பைண்டிங் செக்‌ஷன் பெண்கள் நாங்களே அவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டோம். சம்பளம் மட்டும் முதலாளி கொடுத்தார்.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்வதுதான் அவர் வேலை. புலி, தாமரை, பல் முளைக்காத குழந்தை, இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். கண்ணைத் திறந்துகொண்டு செய்த வேலை வேறு. வேற்றுக் கிரகம், வருங்காலம் என்று இங்கிலீஷில் படங்கள் வருகின்றனவே, அந்தப் படங்களில் ஆட்கள் கொடுத்து வாங்குகிற பணத்தை அச்சு அசலாகச் செய்து சேர்த்து வைப்பது. நிலாவில் டீக்கடை போட்டிருப்பவன் கல்லாவில் என்ன நோட்டு இருக்கும் என்பது உங்களுக்குத் தேவையா? எனக்குத் தேவையில்லை. கவர்னருக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

சாப்பாட்டு நேரத்தில் போனில் படம் ஓடும். ஓடும் என்பதே தவறு. நோட்டு தெரிகிற அரை விநாடியில் நிறுத்திவிட்டு, மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கதாநாயகன் பிழைத்தானா செத்தானா என்று அவருக்குத் தெரியாது. நோட்டின் ஓரத்தில் எத்தனை கோடு என்று தெரியும்.

“தங்கச்சி, இங்கன பாருங்க. இந்தப் பய பெருவிரலை எங்கன வச்சிருக்கான் பாத்தீகளா?”

“நோட்டை விரலால பிடிக்காம வேற எதால பிடிப்பான் அண்ணாச்சி?”

“ஓரத்துல பிடிக்கலாம்ல. விரலுக்கு அடியில என்ன இருக்குன்னு இனி யார்கிட்டப் போய்க் கேக்க?”

யாரிடமும் கேட்கவில்லை. விரல் மறைத்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டார். நோட்டு முழுக்க ஊதாவும் பச்சையும் மின்னும். யாருக்கும் புரியாத எழுத்தில் இரண்டு வரி ஓடும். நடுவில் பெருவிரல் அளவுக்கு, பெருவிரல் வடிவத்திலேயே, ஒரு வெள்ளை. திருப்பிப் பார்த்தால் முதுகும் வெள்ளை. படத்தில் பின்பக்கத்தைக் காட்டவே இல்லையாம்.

“நீங்களா ஒரு பூவைக் கீவைப் போட்டு நிரப்பிருங்களேன்” என்றேன்.

“தெரியாததை அடிக்கவா? நான் என்ன கள்ள நோட்டு அடிக்கிறவனா?” என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நேர்மையைப் பார்த்திருந்தால், கைது பண்ண வந்த போலீஸ்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பார்.

ஒருநாள் காலையில் வந்தவர் கம்ப்யூட்டரைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்துபோய்க் கேட்டோம். ஒரு படத்தின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம். அதில் அந்தக் கிரகத்தில் ஆட்சி மாறிவிட்டதாம். அதனால் அவர் வைத்திருந்த அந்த நாட்டு நோட்டு அத்தனையும் நேற்றோடு செல்லாதாம்.

“இதுக்கு முன்னாடி எந்தக் கடையில செல்லுச்சு அண்ணாச்சி?” என்று ஒருத்தி கேட்டாள். அவர் அவளை ஏழைகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

இவரைப் போலவே வெளிநாடுகளிலும் சில பேர் இருக்கிறார்கள் என்பது ஆண்டவன் செயல். இவர் அனுப்ப, அவர்கள் அனுப்ப, தபாலில் பண்டமாற்று நடந்தது. போஸ்ட் ஆபீஸுக்கு ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா கவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள என்ன?” என்று கேட்டார்.

“பணம்” என்றார் கவர்னர்.

“பணத்தை இப்படி அனுப்பக்கூடாதுங்க.”

“இது செல்லாத பணம் தாயி.”

“செல்லாததை எதுக்கு அனுப்புறீக?”

“அங்கன ஒருத்தர் ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டிருக்காரு.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இதோடு விட்டாரா? இருக்கன்குடி மாரியம்மன் உண்டியலில் ஒரு நோட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். ஆத்தாளிடமா விளையாட்டு என்று பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக, “அண்டம் அம்புட்டுக்கும் அவதான் தாயின்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாடுறீக. அப்ப அந்த அண்டத்துக் காசு மட்டும் அவளுக்கு ஆகாதா?” என்றார். நான் படித்தது எட்டாவதுதான். கோயிலில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இதுவரை விசாரிக்கவில்லை.

சரி, அச்சடிக்க இவருக்கு ஏது மெஷின், ஏது காகிதம் என்று கேட்பீர்கள். லேபிள் அடிக்கிற பெரிய ஷீட்டில் ஒரு மூலை காலியாக விழும். எப்படியும் கழிவில் போகிற இடம். கவர்னர் அந்த மூலையில் தன் நோட்டைச் சேர்த்து பிளேட் போட்டுவிடுவார். புலியோடும் தாமரையோடும் அதுவும் ஓடும். ஷீட்டை வெட்டி என் மேசைக்குக் கொண்டுவந்ததும், நோட்டைத் தனியாகப் பிரித்து, வேண்டியதை அவரிடம் கொடுத்துவிட்டு மீதியைக் கழிவில் போட்டுவிடுவேன். மெஷினிலும் கட்டிங்கிலும் இருந்தவர்களுக்கு அதுவும் ஒரு லேபிள்தான்; பண்டல் கட்டுவது என் பொறுப்பு என்பதால் வேறு யாருக்கும் தெரியாது. முதலாளிக்குச் சுத்தமாகத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் அன்றோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. அப்புறம் ஒரு ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போக இரண்டு நாள் லீவு போட்டேன். என் இடத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு நோட்டு விஷயம் தெரியாது. அவள் பாவம், வந்த காகிதம் எல்லாம் லேபிள்தானே என்று நோட்டுகளையும் ஒரு பண்டலாகக் கட்டி, எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற லோடில் ஏற்றிவிட்டாள்.

திரும்பி வந்ததும் விஷயம் தெரிந்தது. கவர்னரிடம் ஓடினேன். அவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“கசக்கிருவாகளே தங்கச்சி” என்றார்.

வேலை போகும் என்ற கவலையே இல்லை அந்த மனிதருக்கு. கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டால் நாமே போய் மாட்டிக்கொள்வோம் என்று நான்தான் வாயை மூடச் சொன்னேன்.

எம். புதுப்பட்டியில் பேக்கிங் பெண்கள் பண்டலைப் பிரித்திருக்கிறார்கள். எழுத்து புரியவில்லை. நமக்குப் புரியவில்லை என்றால் அது ஹிந்தியாகத்தான் இருக்க வேண்டும். ஹிந்தி என்றால் வடக்கே போகிற சரக்குக்கு வந்த கூப்பன். எனவே வடக்கே போகிற ஒவ்வொரு கிஃப்ட் பாக்ஸிலும் ஒன்று வைத்துவிட்டார்கள்.

வடக்கே பெட்டியைத் திறந்தவர்களுக்கும் எழுத்து புரியவில்லை. சிவகாசிப் பட்டாசு, ஆகவே இது தமிழ். நடுவில் பெருவிரல் வடிவத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது எதற்கு? கைரேகை வைக்கத்தான். கைரேகை வைத்துக் கம்பெனிக்கு அனுப்பினால் பரிசு. இதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவரவர் புத்திக்கு எல்லாரும் சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்ததும் பட்டாசுக் கம்பெனி முதலாளி எங்கள் பிரஸ்ஸுக்கு நேரில் வந்தார். கையில் ஒரு சாக்கு. அதை மேசையில் கவிழ்த்தார். கவர் கவராகக் கொட்டியது. ஒவ்வொரு கவரிலும் ஒரு ஊதா நோட்டு, நோட்டில் நீல மையில் ஒரு விரல்.

“எனக்கே தெரியாம எனக்குப் பரிசுத் திட்டம் போட்டுக் குடுத்திருக்கீகளே, ரொம்ப சந்தோசம்” என்றார் எங்கள் முதலாளியிடம். “வடக்க டீலர் பூராம் போன்ல கத்துறாங்க. ஜனங்களை ஏமாத்திட்டீக, பரிசு வரலேன்னா அடுத்த சீசனுக்கு ஆர்டர் கிடையாதுங்காங்க. எனக்கு ஆர்டர் இல்லேன்னா உங்களுக்கு லேபிள் இல்ல. பாத்துக்கோங்க.”

எங்கள் பிரஸ்ஸில் பாதி வேலை அந்தக் கம்பெனி கொடுப்பது. நோட்டைப் புரட்டியதுமே அது யார் வேலை, ஷீட்டில் எங்கே ஓடியது என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. கவர்னரைப் பார்த்தார். கவர்னர் அங்கே இல்லை. அதாவது உடம்பு இருந்தது. மனுஷன் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அம்புட்டும் வேற வேற விரல் தங்கச்சி. இப்பத்தான் நோட்டு முழுசாச்சு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். என்ன நேரத்தில் என்ன பேச்சு பாருங்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“பண்டல் கட்டுறது நீதானம்மா. உனக்குத் தெரியாம மூலையில நோட்டு எப்படி ஓடுச்சு?”

அப்போது என் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றும்போது கால் முறிந்து வீட்டில் இருந்தார். என் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிந்தது. ஆத்தா, எது நடந்தாலும் உன் விருப்பம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் கவர்னர் பேசிவிட்டார்.

“தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. கட்டிங் முடிஞ்சதும் நானே போய் எடுத்துக்கிடுவேன். தங்கச்சி மேசைக்கு நோட்டே வராது. இந்த ஒருதடவை நான் மறந்துட்டேன். அம்புட்டுத்தான்.”

விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு புள்ளிகூட வைக்காத மனிதர், ஒரே மூச்சில் ஒரு முழுப் பொய்யை முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் நிரப்பி அடித்துக் கொடுத்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த நான், ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நின்றேன்.

“சரி, பரிசுக்கு என்னலே பண்ணப்போற?” என்றார் பட்டாசு முதலாளி.

“நான் தாரேன்யா.”

“உங்கிட்ட என்ன இருக்கு தர?”

மறுநாள் மொபெட்டில் ஒரு இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். நோட்டோடு நிற்காமல் அவர் சேர்த்திருந்த காசு அத்தனையும் அதில் இருந்தது. லேத்தில் கடைந்த பித்தளைக் காசு, நீலக் கண்ணாடிக் காசு, ஆறு மூலை வைத்த காசு, கடல் தாண்டி வந்தவை, அவரே உருக்கி ஊற்றியவை. எந்தப் படத்தில் எந்தக் கிரகத்தில் செலவானது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு. பட்டாசு முதலாளி ஒரு பித்தளைக் காசைக் கையில் உருட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “அனுப்பு” என்றார். நல்லவேளை, அது எந்த நாட்டுக் காசு என்று கேட்கவில்லை.

மூன்று நாள் பைண்டிங் மேசையில் உட்கார்ந்து கவர் போட்டோம். கையில் அகப்பட்டதை எடுத்துப் போட வேண்டியதுதானே? மாட்டார். நோட்டில் இருக்கிற விரலைப் பார்ப்பார், அப்புறம் பெட்டியைப் பார்ப்பார்.

“இது சின்ன விரலு. பிள்ளை வச்சது. நீலக் கண்ணாடி போடுங்க.”

“இதுக்கு அண்ணாச்சி?”

“வெடிப்பு பாத்தீகளா? கையால உழைக்கிற ஆளு. கனமா ஒண்ணு குடுப்போம்.”

“இவர் மை வழிய வழிய ரெண்டு தடவை வச்சிருக்காரே.”

“ஆசை. பெருசாப் போடுங்க.”

முதல் நாள் நான் கேலி பண்ணினேன். இரண்டாம் நாள் கொஞ்சமாகப் பண்ணினேன். மூன்றாம் நாள் பெட்டியின் அடித்தகரம் தெரிந்தது. கடைசியாக ஒரு கவரும் அலுமினியத்தில் ஒரு காசும் மீந்தன. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அனுப்பி, இவர் ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த காசு.

“இதை வச்சுக்கோங்க அண்ணாச்சி. இந்த ஒருத்தருக்கு வேற எதாவது குடுத்துக்கிடலாம்” என்றேன்.

“அவரும் விரல் வச்சிருக்காருல்ல” என்று சொல்லிக் கவரில் போட்டு ஒட்டினார்.

எங்கள் முதலாளி நல்லவர். எல்லாக் கவரும் தபாலில் சேரும்வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம்தான் கவர்னரை வேலையைவிட்டு நிறுத்தினார். கவர்னர் காலிப் பெட்டியில் அந்த விரல் வைத்த நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். என்னிடம், “மகளை நல்லாப் படிக்க வைங்க” என்றார்.

அடுத்த சீசனில் வடக்கேயிருந்து ஆர்டர் கூடுதலாகவே வந்தது. அந்தக் காசு இந்த வருஷமும் உண்டா என்று டீலர்கள் கேட்டார்களாம். போன மாதம்கூட முதலாளி என் மேசைக்கு வந்து, “அந்த கவர்னர் இப்ப எங்கன இருக்காருன்னு தெரியுமாம்மா?” என்று விசாரித்தார். தெரியும். ஒரு காலண்டர் பிரஸ்ஸில் இருக்கிறார். எந்தத் தெரு என்று இங்கே எழுத மாட்டேன். காலண்டர் ஷீட் பெரிசு, அதன் மூலையும் பெரிசு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் மகள் இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் சம்பளம் வாங்கிவிட்டாள். எனக்கு நேர்மை வருவதற்கு அந்தச் சம்பளம் வரவேண்டியிருந்தது.

முதலாளி இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவர். ராசிபலனில் ஆரம்பித்து இந்தப் பக்கத்துக்கும் வந்து சேருவார். வரட்டும். ஐயா, அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னது பொய். எனக்கு எல்லாம் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த நோட்டுகளைப் பிரித்தது என் கைதான். வாய் நிறையக் கேலி பேசிக்கொண்டே, ஒன்றுகூடக் கசங்காமல் எடுத்துக் கொடுத்தேன்.