ஏரிக்கரைக்கு ஒரு பெஞ்சு

"பெஞ்சு தண்ணியைப் பார்த்து இருக்கட்டும். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

ஒருவரும் தூக்கவில்லை.

"எனக்கு ஒரு ஆட்சேபம்" என்று எழுந்தார் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். இதையே ஓயாமல் சொல்லிச் சொல்லி அவருக்கு 'ஆட்சேபம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தா முதுகுக்குப் பின்னால யார் வர்றாங்கன்னு எப்படித் தெரியும்?"

ஏரிக்கரையில் காலியாகக் கிடக்கும் பொது நிலத்தை என்ன செய்வது என்று ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் கூடிப் பேசுகிறார்கள். பேச ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. இந்த மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் லாரி நிறுத்த விட்டுவிடுவோம் என்று நகராட்சி கறாராகச் சொல்லிவிட்டது. இன்று மாதத்தின் கடைசி ஞாயிறு.

செயலாளருக்கு வேண்டியது அங்கே ஒரே ஒரு பெஞ்சு. படுக்கையில் கிடந்த மனைவி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்து, "அங்கே உக்கார ஒரு இடம் இருந்தா நல்லா இருக்கும்ல?" என்று கேட்டிருந்தாள். "போட்டுடலாம்" என்று வாக்குக் கொடுத்தார். அவள் போய்விட்டாள். பெஞ்சு வரவில்லை.

"சரி, ரெண்டு பெஞ்சு. முதுகோட முதுகு ஒட்டிப் போட்டுடலாம்."

"பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்குமே" என்றாள் தையல்காரம்மா.

"அப்ப வட்டமா ஒரு பெஞ்சு. நடுவுல ஒரு மரம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் செயலாளர். இலை கொட்டாத மரம் வேண்டும் என்றார் பல் டாக்டர். காக்கை உட்காராத மரம் வேண்டும் என்றார் ஆட்சேபம். பல் டாக்டரின் மாமனார் மட்டும் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. கடைசியில் மரத்துக்கென்று தனிக்குழு, அது புதன்கிழமைதோறும் கூடும் என்று முடிவாயிற்று. அதற்கு மட்டும் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று போன மாதம் செயலாளர் நாற்காலிகளைப் பூட்டி வைத்துப் பார்த்தார். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்தார்கள். இன்று வேறு வழி தோன்றாமல் மின்விசிறியை நிறுத்தினார். ஆட்சேபம் பையிலிருந்து ஒரு கைவிசிறியை எடுத்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சேர்த்து வீச ஆரம்பித்தார்.

செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"மரமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். என் வீட்டுக்காரி சாகறதுக்கு முன்னால கேட்ட ஒரே விஷயம் இதுதான். ஒரு பெஞ்சு. அதைக்கூட என்னைப் போட விடமாட்டீங்களா?"

சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஆட்சேபம்தான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். தண்ணீரைப் பார்த்து ஒரு பெஞ்சு என்று தீர்மானம் நிறைவேறியது.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நன்றி. இனிமே கூட்டம் கிடையாது. எல்லாரும் கிளம்பலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிய செயலாளருக்கும் பூட்டிக் கிடக்கும் வீடு ஞாபகம் வந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து, ஒரு வருஷமாக வாயே திறக்காத பல் டாக்டரின் மாமனார் மெல்ல எழுந்தார்.

"எனக்கும் ஒரு ஆட்சேபம். அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை நாம எல்லாம் எங்கே போறது?"