வெள்ளைத் துணியில் வந்த பேய்

தெருமுனை வீட்டு வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. உள்ளே துடைப்பு ஐயா பேய் துடைத்துக்கொண்டிருந்தார். பாடம் மறக்கும் பிள்ளை, காரணமில்லாமல் அழும் பிள்ளை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழும் பிள்ளை, யாரானாலும் வெள்ளைத் துணியால் நெற்றியில் ஒரு துடை. துணி கறுத்துவிடும். கண்ணால் கண்ட பிறகு மூளைக்கு என்ன வேலை?

தையற்காரியும் மகளோடு வரிசையில் நின்றாள். போன வருடம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்ன பெண், இப்போது கையிலிருக்கும் பென்சிலைத் தேடி அழுகிறாள். டாக்டர் முன்பே சொன்னார்: "பக்கத்து ஆலைப் புகையும் காரணமா இருக்கலாம்மா. மூச்சுல போற தூசி பிள்ளைங்க மூளை வளர்ச்சியவே பாதிக்கும். கவனம் சிதறும், மனசும் வாடும்."

டாக்டரிடம் வெள்ளைத் துணி இல்லை. ஆகவே யாரும் நம்பவில்லை.

ஐயா அவள் மகளின் நெற்றியைத் துடைத்தார். கரி.

"முரட்டுப் பேய். உள்ளறையில கதவைச் சாத்தி, புகை மூட்டத்துல உக்கார வைக்கணும்."

"சரின்னு சொல்லுங்க அண்ணி," என்று கூட வந்த நாத்தனார் விலாவில் இடித்தாள்.

உள்ளறையில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் கையை இறுக்கினாள். தையற்காரிக்கு உறுத்தியது. சிக்கெடுக்க யாராவது இன்னும் நூலைச் சுற்றுவார்களா?

பையிலிருந்து வெள்ளை வெட்டுத்துணி ஒன்றை எடுத்துச் சன்னல் கம்பியைத் துடைத்தாள். கரி.

"கம்பிக்கும் பேயா ஐயா?"

"போற வழியில உக்காந்துட்டுப் போயிருக்கும்."

துணியைத் திருப்பி, ஐயாவின் நெற்றியையே துடைத்தாள். அட்டக் கரி. கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அந்தத் தெருவில் அது சுலபம்.

"ஊர்ப் பேயெல்லாம் என்மேலதானம்மா ஏறுது."

"ஐயோ பாவம். உங்க பையனையும் துடைச்சு விடட்டுமா?"

"அவன் எதுக்கு இங்க? தூரத்துல மாமன் வீட்டுல படிக்கிறான். இந்தப் புகையில எவனாவது பிள்ளைய வளப்பானா?"

சொன்ன பிறகுதான் ஐயா வாயைப் பொத்தினார். பேய் வாய் வழியாக வெளியேறிவிட்டது.

முதலில் அசைந்தது நாத்தனார்தான். உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்து, இருமிய பிள்ளையைத் தூக்கி வந்தாள். "வாங்க அண்ணி, அந்தத் துணிய விட்டுடாதீங்க."

அன்று மாலை ஆலை வாசற்கதவில் கறுத்த துணிகள் தொங்கின. காவலாளி அவிழ்க்க அவிழ்க்க, தாய்மார்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நெற்றியைத் துடைத்தது போதும், பெரியோர்களே. பிள்ளைகளின் தலைக்குள் இருப்பதைப் புகை தின்று தீர்ப்பதற்குள், உங்கள் தலைக்குள் இருப்பதைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்.