எட்டுத் தொகுதி, நான்கு கால்

இது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தொகுதிகள் எட்டா, ஒன்பதா என்பதில்கூட ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் மேசைக்குக் கால் நான்கு, காலுக்கு இரண்டு புத்தகம் என்று வைத்தது நினைவிருக்கிறது. ஆகவே எட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் பகுப்பாய்வாளரை எல்லாரும் ‘மில்லிகிராம்’ என்றுதான் சொல்வார்கள். தேநீருக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியை விளிம்போடு வழித்துவிட்டுப் போடுகிற மனிதர். ஆறு வருஷம் கடிதம் எழுதி எழுதி ஒரு புதுத் தராசு வாங்கியிருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் தராசு. ஒற்றைத் தலைமயிரை வைத்தாலும் எடை சொல்லும்.

அதோடு வரவேண்டிய கல்மேசை வரவில்லை. தராசு மரமேசையில் ஏறியது. பக்கத்து அறையில் தண்ணீர் மோட்டார் ஓடும்போதெல்லாம் கடைசி இலக்கம் ஆட்டம் போட்டது.

திங்கட்கிழமை காலை இயக்குநர் ஒரு கடிதத்தோடு வந்தார். புதிதாக வாங்கிய பொருள்களைப் பார்க்க வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். சரியாகப் பயன்படாத பொருள் வேறு கிளைக்கு மாற்றப்படும். மில்லிகிராமின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். மில்லிகிராம் வெகுநேரம் கடைசி இலக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று, ஏழு, இரண்டு, ஒன்பது.

அன்று மதியம் நூலகத்துக்குப் போனார். நூலகர் அவருடைய மனைவி. அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்றுதான் பேசிக்கொள்வது என்று சேர்ந்த நாளிலேயே இருவரும் முடிவு செய்திருந்தார்கள். நூலகரும் புத்தகம் கேட்டு நான்கு வருஷம் கடிதம் எழுதியவர்தான். பகுப்பாய்வு வேதியியலுக்கான எட்டுத் தொகுதிகள் அப்போதுதான் கட்டுப் பிரிக்கப்பட்டு மேசைமேல் இருந்தன. மில்லிகிராம் ஒன்றை எடுத்தார். திறக்கவில்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“தொள்ளாயிரம் பக்கம் இருக்கும். நல்ல கெட்டிக் காகிதம் மேடம்.”

“படிக்கவா சார்?”

மில்லிகிராம் அடுத்த தொகுதியை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

மாலைக்குள் எட்டும் மேசைக் கால்களின் அடியில் போயிருந்தன. மோட்டார் ஓடியது. கடைசி இலக்கம் ஆணி அடித்ததுபோல் நின்றது. வாசலில் நின்றிருந்த நூலகர், இன்னும் முத்திரைகூடக் குத்தவில்லை என்றார். வியாழக்கிழமை வரைக்கும்தான் என்று மில்லிகிராம் சத்தியம் செய்தார்.

செவ்வாய்க்கிழமை தராசைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அறையின் வெப்பத்துக்கு எவ்வளவு கழிப்பது என்ற விவரம் புதுப் புத்தகத்தில், ஐந்தாம் தொகுதியில். அது பின்பக்க இடது காலின் அடியில்.

இயக்குநர் மேசையைத் தூக்கிப் பிடித்தார். மில்லிகிராம் தொகுதியை உருவி, அந்த இடத்தில் ஒரு பழைய விலைப்பட்டியலைச் செருகினார். அது ஒரு விரற்கடை மெலிசு. தராசின் மட்டம் காட்டும் குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. திருகாணிகளைத் திருகி அதைப் பிடித்துவந்து நடுவில் உட்கார வைத்தார்கள். அப்புறம் தராசு நிலைகொள்ள நான்கு மணி நேரம். அதற்குள் ஐந்தாம் தொகுதியைத் திறந்தால், ‘இரண்டாம் தொகுதி, ஏழாம் அத்தியாயம் காண்க’ என்று இருந்தது.

“ரெண்டு எந்தக் கால்ல இருக்கு?” என்றார் இயக்குநர்.

“முன் வலது சார். நல்லவேளை, மேல்தான் இருக்கு.”

இரண்டாம் தொகுதி எட்டாம் தொகுதிக்கு அனுப்பியது. மாலைக்குள் மேசையை ஐந்து முறை தூக்கியாயிற்று. இந்தப் புத்தகத்தை எழுதியவன் வாழ்க்கையில் மேசை தூக்கியிருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு இயக்குநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை நூலகமே புத்தகங்களைத் தேடி வந்தது. நூலகர் தரையில் குப்புறப் படுத்து, கால்களின் அடியில் தெரிந்த முதுகுகளில் எண் ஒட்டினார். பிறகு பக்க விளிம்புகளில் முத்திரை குத்த ஆரம்பித்தார். குத்துக்குக் குத்து கடைசி இலக்கம் துள்ளியது.

“மேடம், கொஞ்சம் மெதுவா.”

“முத்திரையை மெதுவா எப்படிக் குத்தறதுன்னு எட்டாம் தொகுதியில பார்த்துச் சொல்லுங்க சார். குத்தறேன்.”

எட்டாம் தொகுதி மில்லிகிராம் கையில்தான் இருந்தது. வேறு எதையோ தேடப்போய் ஒரு வரியில் அவர் கண் நின்றது. எடைமேசையின் கால்களுக்கு அடியில் காகிதமோ அட்டையோ ஒருபோதும் வைக்கலாகாது. இரண்டு முறை படித்தார். மூடினார். காலின் அடியிலேயே திரும்ப வைத்தார்.

“என்ன போட்டிருக்கு சார்?” என்று தரையிலிருந்து கேட்டார் நூலகர்.

“நல்ல புத்தகம் மேடம்.”

வியாழக்கிழமை மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். குடிநீரைப் பரிசோதிக்கிற கட்டடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. தாழ்வாரத்தில் யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு. அதிகாரி வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்த அமைதியான மனிதர். மில்லிகிராம் இடுக்கியால் நூறு கிராம் படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். யாரும் மூச்சு விடவில்லை. நூறு, புள்ளி, நான்கு பூஜ்யம். அசையவில்லை.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. அதிகாரி மரியாதைக்கு ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அருமையா இருக்கு. ஆனா கருவி பார்க்கறவர் அடுத்த மாசம் வருவார். நான் புத்தகத்துக்கு வந்தவன். எட்டுத் தொகுதி வாங்கியிருக்கீங்களே, எந்த அலமாரியில இருக்கு?”

இயக்குநர் கூரையைப் பார்த்தார். மில்லிகிராம் மனைவியைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையைக் கல்யாணத்தன்றுகூட அவர் பார்த்ததில்லை.

“அலமாரியில இல்லை சார். எல்லாம் உபயோகத்துல இருக்கு” என்றார் நூலகர்.

“எட்டும் ஒரே நேரத்துலயா?”

“எட்டும் ஒரே நேரத்துலதான் சார்.”

“பரவாயில்லையே. அப்படி யார் படிக்கறது?”

நூலகருக்குப் பொய் சொல்ல வராது. தரையைக் காட்டினார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் எழுத ஆரம்பித்தார்.

மறுவாரமே எட்டுத் தொகுதிகளும் வேறு கிளைக்குப் போய்விட்டன. அதற்கடுத்த வாரம் கல்மேசை வந்தது, தராசு தங்கியது. இயக்குநரின் இடுப்பு குணமாயிற்று. நூலகர் மூன்று வாரம் வீட்டிலும் கணவரை ‘சார்’ என்றே கூப்பிட்டார். பிறகு ‘என்னங்க’வுக்குத் திரும்பினார். புத்தகங்களை வாங்கிக்கொண்ட கிளையின் பகுப்பாய்வாளர், நன்றி சொல்ல மில்லிகிராமைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ரொம்ப உபகாரம் சார். வந்த அன்னைக்கே உபயோகத்துக்கு எடுத்துட்டோம். எங்க தராசு இப்ப அசையறதே இல்லை.”