அத்தானின் பாதுகாப்பு மண்டலம்

கணவர்களில் இரண்டு வகை உண்டு. மனைவியைப் பாதுகாக்காதவர்கள் ஒரு வகை. பாதுகாப்பவர்கள் இன்னொரு வகை. என் அத்தான் இந்த இரண்டிலும் அடங்காத பெருந்தகை. அவர் என் அக்காவைப் 'பாதுகாக்கப்பட்ட பகுதி'யாகவே அறிவித்துவிட்டவர்.

அவர் புகழை எழுத உனக்கு என்ன அருகதை என்று யாராவது கேட்கலாம். நான் அவருடைய மச்சினன். இரண்டு தெரு தள்ளி செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அவர் வீட்டு அலாரத்தைப் பற்றி அவரிடமே வாய் திறந்து பேச அனுமதி பெற்ற ஒரே ஆள் நான்தான்.

அலாரம் என்றால் லேசுப்பட்ட அலாரம் அல்ல. முன்கதவில் ஒரு சென்சார், பின்கதவில் ஒரு சென்சார், ஜன்னலுக்கு ஜன்னல் ஒன்று, ஆள் நடமாட்டத்தைப் பார்க்கக் கூடத்து மூலையில் ஒரு கண். வீடு முழுவதும் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அக்கா சமைப்பது மூன்றாம் மண்டலத்தில். எந்தக் கதவு திறந்தாலும் அத்தானின் போனில் சேதி வந்துவிடும். மேலதிகாரியே பேசிக்கொண்டிருந்தாலும் அத்தான் எழுந்து வெளியே வந்து வீட்டுக்குப் போன் போடுவார்.

"பின்கதவு ஏன் திறந்துச்சு?"

"துணி காயப் போட."

"எவ்வளவு துணி?"

"ஒரு வாளி."

"ஒரு வாளிக்கு இவ்வளவு நேரமா?"

இதை விசாரணை என்று சொல்பவர்கள் அன்பின் ஆழம் அறியாதவர்கள். தன் மனைவி எத்தனை துணி காயப் போட்டாள் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளத் துடிக்கும் கணவர் ஊருக்கு எத்தனை பேர் இருப்பார்கள்?

அக்கா மருந்தாளர் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்டரில் வேலை பார்த்தாள். டாக்டர்களாலேயே படிக்க முடியாத டாக்டர் கையெழுத்தைப் பட்பட்டென்று படித்து மருந்தை எடுத்துக் கொடுப்பாள். கல்யாணம் ஆனதும் "வெளிய காலம் கெட்டுக் கிடக்கு" என்று அத்தான் வேலையை நிறுத்தினார். மறுபடி போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். அத்தான் சொன்ன சொல் மாறாதவர். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வார்.

"மாப்பிள்ளை நம்ம பொண்ணைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறார்" என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெருமை பிடிபடவில்லை. நானும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கண்ணுக்குள் வைக்கப்பட்டவள் வெளியே வர வேண்டுமானால் கண்ணுக்கு உரியவர் அழுதால்தான் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இத்தனை பெரிய ஆட்சிக்கும் செங்கோல், அத்தானின் சாவிக்கொத்தில் தொங்கிய ஒரு குட்டி ரிமோட். ஒரு பொத்தானை அழுத்தினால் அலாரம் விழித்துக்கொள்ளும். இன்னொன்றை அழுத்தினால் தூங்கிவிடும். அக்காவுக்கு ஒரு ரிமோட் வாங்கிக் கொடுங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "வீட்டுலயே இருக்கறவளுக்கு ரிமோட் எதுக்கு?" என்றார்.

அந்த ரிமோட்தான் ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

அன்று காலையில் முன்கதவு திறந்ததாக அத்தானின் போனில் ஒரு சேதி வந்தது. மூடியதாக ஒன்று. அதன் பிறகு சேதியே இல்லை. அக்கா போனை எடுக்கவில்லை. அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்த அத்தான், வாசலில் நின்று என்னை அழைத்தார். நான் கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டுப் போனபோது, பூட்டிய கதவை நோக்கி ரிமோட்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் அழுத்த அழுத்த, உள்ளேயிருந்து 'பீப் பீப்' என்று அலாரம் மறுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா எங்க அத்தான்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இந்த ரிமோட்டைப் பாரு."

முதன்மையானது எது என்று அறிந்தவர் அவர்.

"சாவி கையில இருக்கே, திறந்துட்டுப் போகலாமே?"

"அலாரத்தை நிறுத்தாம திறந்தா சைரன் அடிக்கும் மச்சான். தெருவே கூடிடும். மானம் போயிடும்."

மானத்தைக் காப்பதற்காக நாங்கள் பழுது பார்க்கத் தொடங்கினோம். ரிமோட்டைத் திறந்து பேட்டரியை எடுத்து, அத்தானின் சட்டையில் துடைத்து மறுபடி போட்டேன். பீப் பீப். என் பையிலிருந்த புதுப் பேட்டரியைப் போட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனாலும் பீப் பீப். தூரம் காரணமாக இருக்கலாம் என்று அத்தான் கதவோடு கதவாக ஒட்டி நின்று அழுத்தினார். பக்கம் காரணமாக இருக்கலாம் என்று கேட்டுக்கு வெளியே போய், கையைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்தினார். எதிர்வீட்டுக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

கடைசியில் அலாரம் கம்பெனியின் 'உதவி மைய'த்துக்குப் போன் போட்டோம். உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று ஒரு பாட்டு வெகு நேரம் மூச்சுவிட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ரிமோட்ல விளக்கு எரியுதா சார்?"

"எரியுது. ஆனா வேலை செய்யல."

"நல்லாத்தான் சார் வேலை செய்யுது. உங்க ரிமோட்டை சிஸ்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. அதான் ஏத்துக்க மாட்டேங்குது."

"யாரு எடுத்தது?"

"வீட்டு உரிமையாளர்."

"நான்தாம்மா உரிமையாளர்."

"இல்ல சார். நீங்க விருந்தினர்னு இருக்கு." கொஞ்சம் இரக்கப்பட்டவளைப் போலச் சொன்னாள்: "காலைல வரைக்கும் குடும்பத்தினர்லதான் சார் இருந்தீங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டைப் பார்த்தேன்.

"அலாரம் மாட்டுன அன்னிக்கு வீட்டுல இருந்தவங்க நம்பரைத்தான் சார் உரிமையாளர்னு போட்டிருக்கோம். எப்பவும் வீட்டுல யார் இருப்பாங்கன்னு எங்க ஆள் போன்ல உங்களைத்தான் கேட்டிருக்கார். நீங்கதான் உங்க மிஸஸ்னு சொல்லியிருக்கீங்க."

சொல்லியிருக்கத்தான் வேண்டும். பெருமையாகவே சொல்லியிருப்பார். அலாரம் மாட்டும் வேலைக்கெல்லாம் லீவு போடுகிறவரா அத்தான்? மாட்டுகிறவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கையேட்டை வரி விடாமல் படித்தவள் அக்கா. அத்தான் கேட்டபடி சேதியெல்லாம் அவர் போனுக்குப் போகும்படி தன் போனிலிருந்தே அமைத்துக் கொடுத்தவளும் அவளேதான்.

"இருங்க சார், அவங்களையும் லைன்ல எடுக்கறேன்" என்றாள் அந்தப் பெண். நாங்கள் அழைத்தபோது எடுக்காத அக்கா, கம்பெனி அழைத்ததும் எடுத்தாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க வீட்டு வாசல்ல ஒருத்தர் நிக்கறார். ரிமோட்டை மறுபடி சேர்க்கச் சொல்றார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவர்தான். தெரிஞ்சதாலதான் எடுத்தேன்" என்றாள் அக்கா.

"நீ எங்க இருக்க?" அத்தானின் குரல் உடைந்திருந்தது.

"வேலையில. கூப்பிட்டாங்க, இன்னிக்குச் சேர்ந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இத்தனை நாளா கேட்டேனே."

"வெளிய என்ன நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? உடனே கிளம்பி வா."

"வெளியதாங்க இருக்கேன். பயமா இல்ல. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து திறக்கறேன், அதுவரைக்கும் படியில உட்காருங்க. இங்க கூட்டமா இருக்கு, வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்துக் குரல் அது. அங்கதம் எழுதுகிறவன் உருகக் கூடாது என்பதால், பையில் பேட்டரியைத் தேடுவதுபோல் குனிந்து சமாளித்தேன்.

அத்தானோ சமாளிக்கவில்லை. "என் வீட்டுக்கு நான் விருந்தாளியா?" என்று சாவியைப் போட்டுத் திருகிக் கதவைத் தள்ளினார். சைரன் தொடங்கியது. இத்தனை காலம் சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் அது அன்றைக்கு விட்டது. தெருவில் எல்லாக் கதவும் திறந்தன. அத்தான் கூடத்து நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மூலையிலிருந்த கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பெனியின் காவலாள் தொப்பியும் பைக்குமாக வந்து சேர்ந்து, சைரனை நிறுத்தச் சொல்லிப் போனில் பேசினான். பிறகு அத்தானின் முழங்கையைப் பிடித்துப் படிக்குக் கூட்டி வந்தான்.

"இது என் வீடுப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க."

அத்தான் என் பக்கம் கையைக் காட்டினார். "இவன் என் மச்சான். இவனையே கேளு."

காவலாள் என்னிடம் வந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க சொன்னா விட்டுடறேன் சார். இவர் இந்த வீட்டுல இருந்து எதையாவது எடுத்திருக்காரா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அத்தானைப் புகழ இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"எடுத்திருக்கார்," என்றேன். "இன்னிக்கு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா, இத்தனை வருஷமா."