மழைக்கும் தடை விதித்த மரியாதைக் குழு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெரிய காரியம், பெய்ரூட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் 'பரஸ்பர மரியாதைக் குழு' அமைத்ததுதான். அதன் செயலாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

குழுவுக்கு முன் இங்கே நிலவியது காட்டுமிராண்டித்தனம். நான்காம் மாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் தானியோஸும் ஹாஜி முஹன்னாவும். முன்னவர் மாரோனியக் கிறிஸ்தவர், பின்னவர் ஷியா முஸ்லிம். கட்சிகளும் எதிரெதிர். காலையில் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்துக் காப்பியைக் குடித்தபடி கத்துவார்கள்.

"உங்க தலைவர் பேச்சை நேத்து கேட்டேன் ஹாஜி. நல்லாத் தூக்கம் வந்துச்சு."

"உங்காளு பேசினா ஊரே பெட்டியக் கட்டிக்கிட்டு விமானம் ஏறுது. காப்பியக் குடி. நரகத்துக்குப் போறப்ப வயித்துல சூடா எதாவது இருக்கட்டும்."

"நான் முன்னாடியே போயி உனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைக்கிறேன்."

தவக்காலத்தில் முஹன்னா வீட்டிலிருந்து தானியோஸுக்குக் கறி சேர்க்காத பருப்புச்சோறு போகும். நோன்பு மாதத்தில் தானியோஸ் தன் சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைப்பார், வாசனை எதிர்வீட்டுக்குப் போகக்கூடாதென்று. எந்த விதிமுறையும் இல்லாமல் நடந்தவை இவை. எவ்வளவு ஆபத்து, பாருங்கள்.

ஆகவே ஒரு நிபுணரை வரவழைத்துக் கூட்டம் போட்டோம். மதம், கட்சி, தலைவர்கள், போர் பற்றிய பேச்சு தடை செய்யப்பட்டது. மின்சாரம் போனால் அரசாங்கம் ஞாபகம் வருகிறது, மின்சாரமும் நீக்கம்.

"மழையப் பத்திப் பேசலாமா உஸ்தாத்?" என்று தானியோஸ் கேட்டார்.

நிபுணர் யோசித்தார். "மழைன்னா அணை ஞாபகம் வரும். அணைய எந்தக் கட்சிக்காரன் கட்டாம விட்டான்னு வரும்."

மழை நீக்கப்பட்டது. உரத்த குரலும், அழைப்பின்றி அடுத்தவர் வாசலைத் தாண்டுவதும் கூடவே போயின.

பலன் அற்புதம். இருவரும் படிக்கட்டில் சந்தித்தால் "காலை வணக்கம், மதிப்புக்குரிய அண்டை வீட்டாரே" என்று தலைகுனிந்து விலகினார்கள். காப்பி நின்றது. நான் குறிப்பெழுதினேன்: 'முழு அமைதி'.

பிறகு ஒருநாள் தானியோஸ் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மனைவியை இழந்தவர், வீட்டில் வேறு ஆளில்லை. ஆனாலும் விதியை மீறவில்லை. "மதிப்புக்குரிய அண்டை வீட்டாரே, தங்களுக்குச் சிரமமில்லையென்றால், என் இடுப்பு உடைந்துவிட்டது போலிருக்கிறது" என்று மெல்லிய குரலில் அழைத்தார்.

முஹன்னா அவர் வாசல் கதவருகே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "நான் உள்ளே வருவதில் தங்களுக்கு ஆட்சேபனை உண்டா?"

என்னையும் கூப்பிட்டார்கள். பூட்டிய கதவை உடைப்பது மரியாதைக் குறைவா என்பது நுட்பமான கேள்வி. குழுவைக் கூட்டலாம் என்றேன்.

உள்ளேயிருந்து பழைய குரல் வெடித்தது. "டேய் முஹன்னா, உங்க கட்சி மாதிரி வாசல்லயே நின்னு அறிக்கை விட்டுக்கிட்டிருக்கியே. கதவ உடைடா."

முஹன்னாவின் கண் கலங்கியது. "இப்பத்தான்டா நீ சாக மாட்டேன்னு நம்பிக்கை வருது," என்று தோளால் ஒரே இடி இடித்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள்.

கதவோடு விதிகளும் உடைந்தன. மின்தூக்கி ஓடவில்லை. முஹன்னா தானியோஸை ஒரு நாற்காலியில் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"யா அலி... உன் புனிதரையும் கூப்பிடுடா, கனம் தாங்கல."

"கரண்ட் இல்லாம வச்சிருக்கானே உங்க மந்திரி, அவனக் கூப்பிடு."

"என் முதுகுல உக்காந்துக்கிட்டே திட்டுறியா? இறக்கிவிட்டுருவேன்."

"விடேன் பார்ப்போம்."

"விட்டுட்டு, நாளைக்கு நான் யாரத் திட்டுறது?"

மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. ஆளுக்கொரு கட்சியை ஏசியபடி ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்தார்கள். எல்லோருக்கும் எழுத்துமூல எச்சரிக்கை அனுப்பினேன்.

சென்ற வாரம் 'சிறந்த நல்லிணக்கக் கட்டடம்' விருது எங்களுக்குக் கிடைத்தது. கீழ்த்தளக் கூடத்தில் விழா. நாற்காலிகள் அத்தனையும் காலி. கட்டடமே மருத்துவமனையில், தானியோஸின் கட்டிலைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்ததாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் என் மனம் புண்படுமே என்ற மரியாதை.